ஒப்பினெல் 8 மடக்குக் கத்தி அன்றாடப் பயன்பாட்டுக்கு ஏற்றதா?

எப்போதும் உடன் வைத்துக்கொள்ள எடை குறைந்த மடக்குக் கத்தி ஒன்றைத் தேடுவதாகவும், ஒப்பினெல் நிறுவனத்தின் 8-ஆம் எண் கத்தி அதற்கு ஒத்துவருமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதன் துருப்பிடிக்காத எஃகு வகையை அண்மையில் வாங்கிப் பயன்படுத்தி வருகிறேன். பழம் நறுக்குவது, பார்சல் பிரிப்பது, கயிறு அறுப்பது போன்ற வேலைகளுக்கு என்றால் தயங்காமல் வாங்கலாம் என்பதே என் முதல் எண்ணம்.

கையில் எடுத்ததும் வியக்கவைப்பது அதன் எடைதான். அலகின் நீளம் 8.5 சென்டிமீட்டர், மடக்கினால் ஏறக்குறைய 11 சென்டிமீட்டர். ஆனால் எடை சுமார் 45 கிராம் மட்டுமே. பெரும்பாலான மடக்குக் கத்திகளில் பிடிக்குள்ளே உலோகத் தகடுகளும் வில்லும் (ஸ்பிரிங்) ஒளிந்திருக்கும்; இதிலோ ஒரே துண்டு பீச் (beech) மரத்தில் பள்ளம் வெட்டி அலகைப் பொருத்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அலகு, பிடி, ஆணி, இரண்டு வளையங்கள் என மொத்தம் ஐந்தே உறுப்புகள். பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினெல் 1890-இல் வடிவமைத்த கத்திக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு 1955-இல் சேர்க்கப்பட்ட பூட்டு வளையம்தான்.

அலகை விரித்த பிறகு அந்த வளையத்தைத் திருப்பினால், அது பள்ளத்தின் வாயை அடைத்து, விரல்மீது கத்தி மடங்கிவிடாமல் காக்கிறது. இப்போது வரும் கத்திகளை மடக்கிய நிலையிலும் அவ்வாறே பூட்டிவைக்கலாம் என்பதால் பையினுள் தானாகத் திறந்துகொள்ளுமோ என்ற அச்சம் இல்லை. ஆனால் அலகில் உள்ள பள்ளத்தில் நகத்தைப் பதித்து இழுத்து, பின்னர் வளையத்தைத் திருப்ப இரண்டு கைகளும் வேண்டும். ஒரு கையால் சட்டென்று திறக்க விரும்புவோருக்கு இது சரிப்படாது. அலுவலகத்தில் நான்கு பேர் நடுவில் கத்தியைப் படக்கென்று விரிப்பதைவிட இந்த நிதானமே மேல் என்று எனக்குத் தோன்றுகிறது.

வெட்டும் திறன் அருமை. மற்ற கத்திகளின் தடித்த அலகு ஆப்பிளை ஆப்பு வைத்ததுபோல் பிளந்துவிடும். இதன் மெல்லிய அலகாலோ வெள்ளரிக்காயை மறுபக்கம் விரல் தெரியும் அளவுக்குச் சீவ முடிகிறது. அலகு அவ்வளவு மெல்லியதாக இருப்பதால், டப்பா மூடியை நெம்பவோ திருகாணியைக் கழற்றவோ இதைப் பயன்படுத்தக் கூடாது, முனை வளைந்துவிடும்.

நம் ஊர்த் தட்பவெப்பத்தில் கவனிக்க வேண்டியது மரப்பிடியைத்தான். மரம் ஈரத்தை உறிஞ்சி உப்பும்போது பள்ளம் குறுகி அலகை இறுகப் பற்றிக்கொள்ளும். கடலோர ஊர்களின் மழைக்காலத்தில் இதை எதிர்பார்த்தே வாங்க வேண்டும். அப்படி இறுகினால், பிடியின் அடிப்பகுதியை மேசை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினால் விரலால் பிடித்து இழுக்கும் அளவுக்கு அலகு வெளியே வரும்; சவோய் மக்களின் பழைய உத்தி இது. கழுவும் தொட்டியில் ஊறவிடாமல் உடனே துடைத்து, விரித்த நிலையிலேயே உலரவிடுவது நல்லது.

இதே கத்தியின் கார்பன் எஃகு வகை சாணைக்கு எளிதில் இணங்கும். ஆனால் எலுமிச்சையோ மாங்காயோ நறுக்கினால் அலகு நீலமும் கருமையுமாக நிறம் மாறும், ஈரத்தோடு விட்டால் துருவேறும். அந்தப் பராமரிப்பில் உங்களுக்கு ஆர்வம் இருந்தாலொழிய, ஸ்வீடனின் 12சி27 எஃகில் செய்த துருப்பிடிக்காத வகையையே எடுங்கள்.

விமானத்தில் செல்வதானால் கைப்பையில் வைக்காமல் செக்-இன் பெட்டியில் போட்டுவிடுங்கள். சட்டைப்பைக்கு இது நீளம் என்று கருதினால் 6-ஆம் எண்ணைப் பாருங்கள். அதன் அலகு 7 சென்டிமீட்டருக்குச் சற்றே கூடுதல், பூட்டு வளையமும் அதில் உண்டு.