பதில்: புத்தகம் சொன்னதற்காக இரண்டு பழைய ஆட்களை நிறுத்தலாமா?

வணக்கம். அச்சகத்தில் வியாபாரம் இறங்கிவிட்டது, ஜிம் காலின்ஸ் எழுதிய ‘குட் டு கிரேட்’ என்ற நிர்வாகப் புத்தகத்தைப் படித்தபின் பழைய ஆட்கள் இருவரை நிறுத்தலாமா என்று யோசிக்கிறேன் என எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து கொஞ்சம் பொறுங்கள்.

நிறுவனத்தை ஒரு பஸ்ஸாக நினைத்து, சரியான ஆட்களை அதில் ஏற்று, பொருந்தாதவர்களை இறக்கு என்று அந்தப் புத்தகம் சொல்வது உண்மைதான். ஆனால் ஆள் பொருந்தவில்லையா, அவருக்குக் கொடுத்த இருக்கை பொருந்தவில்லையா என்று பார்க்கவும் அதே புத்தகம் சொல்கிறது. டிஜிட்டல் மெஷினில் தடுமாறுகிறவர் பைண்டிங்கில் கெட்டிக்காரராக இருக்கலாம்.

இன்னொன்று. 2001இல் வந்த அந்தப் புத்தகத்துக்கான ஆய்வு, 1,435 பெரிய அமெரிக்க நிறுவனங்களைச் சலித்து, நல்ல நிலையிலிருந்து மிகச் சிறந்த நிலைக்கு உயர்ந்தவை என்று 11ஐ எடுத்தது. அதில் மின்னணுப் பொருள் விற்ற சர்க்யூட் சிட்டி 2008இல் திவால் மனு போட்டது. வீட்டுக் கடன் துறை நிறுவனமான ஃபேனி மே அதே ஆண்டு அரசின் கட்டுப்பாட்டுக்குப் போனது. ஜெயித்தவர்களைப் பின்னோக்கிப் பார்த்தால் அவர்கள் செய்ததெல்லாம் வெற்றிக்குக் காரணம் போலவே தெரியும்.

அதற்காகப் புத்தகத்தைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. எனக்கு மிகவும் உதவியது ஸ்டாக்டேல் பகுதி. வியட்நாமில் ஏழு ஆண்டுகளுக்கு மேல் போர்க்கைதியாக இருந்த அமெரிக்கக் கடற்படை அதிகாரி அவர். நம்பிக்கையையும் விடக்கூடாது, கசப்பான நிலவரத்தையும் மறைக்கக்கூடாது என்பார். கடை நஷ்டத்தில் ஓடிய நாட்களில் என்னைக் கணக்கு நோட்டைத் திறக்க வைத்தது அதுதான்.

நீங்களும் திறந்து பாருங்கள். நஷ்டம் அந்த இருவரின் சம்பளத்தாலா, வராத பாக்கியாலா, காகித விலையாலா? அப்புறம் அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். என்ன சொன்னார்கள் என்று இங்கே எழுதுங்கள், சேர்ந்து யோசிப்போம்.