8 வெள்ளி கொடுத்தால் படம் தெளிவாகுமா?

கேள்வி: அப்பாவின் அறுபதாம் கல்யாணம் சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலில் நடந்தது. படங்கள் எல்லாமே கைப்பேசியில் எடுத்தவை. பாதிக்கு மேல் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பியவை. மாலை மாற்றும் படத்தை 20க்கு 30 அங்குல கேன்வாஸில் அச்சடித்து ஹாலில் மாட்ட ஆசை. கடைக்காரரோ, "ஃபோன் படம் குவாலிட்டி பத்தாது. டிஃப் ஃபார்மேட்டுக்கு மாற்றினால்தான் பிரிண்ட் நன்றாக வரும். படத்துக்கு 8 வெள்ளி" என்கிறார். 40 படங்கள் இருக்கின்றன. மாதிரிக்கு ஒன்றை மாற்றியும் காட்டினார். 300 கேபி இருந்த கோப்பு 5 எம்பிக்கு மேல் போய்விட்டது. கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, ஈசூன்

பதில்: கொடுக்காதீர்கள். 320 வெள்ளியும் வீண்.

அவர் காட்டிய மாதிரியையே பார்ப்போம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் 1600க்கு 1200 பிக்சல் (படத்தின் புள்ளி) அளவுக்குச் சுருங்கித்தான் வந்து சேர்கிறது. பெருக்கினால் 1.92 மில்லியன் புள்ளிகள். ஒரு புள்ளிக்கு சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பைட். சுருக்காமல் அப்படியே எழுதி வைத்தால் 5.76 மில்லியன் பைட். கடைக்காரர் காட்டிய "5 எம்பிக்கு மேல்" என்பது இதுதான். ஜேபெக் என்ற சுருக்கிய கோப்பு வடிவில் மடித்து வைத்திருந்ததை, சுருக்காத டிஃபில் விரித்து வைத்திருக்கிறார், அவ்வளவுதான். புள்ளி ஒன்றுகூடக் கூடவில்லை. சுருக்கும்போது தொலைந்த சரிகை இழையும் மாலையில் இருந்த தனித்தனி இதழ்களும் எந்த ஃபார்மேட்டுக்கு மாற்றினாலும் திரும்பி வராது.

உங்களுக்கு வேண்டியது ஒரிஜினல் கோப்பு. அந்தப் படத்தை எடுத்தவர் யார் என்று கண்டுபிடித்து, அவர் ஃபோனிலிருந்தே கேட்டு வாங்குங்கள். வாட்ஸ்அப்பில்தான் அனுப்புவார் என்றால் ஃபோட்டோவாக இல்லாமல் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், அப்போது சுருங்காது. எச்டி என்று தேர்ந்தெடுத்து அனுப்புவது சாதாரணத்தைவிட எவ்வளவோ மேல், ஆனாலும் அது ஒரிஜினல் இல்லை. நேரில் பார்க்கும்போது ஏர்டிராப்பிலோ குவிக் ஷேரிலோ வாங்கிக்கொள்வது இன்னும் சுலபம். வந்ததும் படத்தின் விவரத்தைத் திறந்து பாருங்கள். 4032 × 3024 என்றோ அதற்கு மேலோ இருந்தால் சரியானது கையில் இருக்கிறது.

இனி அச்சு. கையில் வைத்துப் பார்க்கும் படத்துக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் இருந்தால் அருமை. சுவரில் மாட்டி ஆறேழு அடி தள்ளி நின்று பார்ப்பதற்கு 100 முதல் 150 போதும். 4032 பிக்சலை 30 அங்குலத்துக்கு நீட்டினால் அங்குலத்துக்கு 134 வரும். கேன்வாஸுக்கு அது தாராளம். வாட்ஸ்அப் படத்தை அதே அளவுக்கு நீட்டினால் 53தான், முகம் மாவாகத் தெரியும். அதற்காக வாட்ஸ்அப் படங்களைத் தூக்கி எறிய வேண்டாம். 4ஆர் (4க்கு 6 அங்குலம்) அளவில் அதே படம் 266 கொடுக்கும், ஆல்பத்துக்கு நன்றாகவே இருக்கும்.

ஃபோன் படம் 4:3 வடிவம். 20க்கு 30 அங்குலமும் 4ஆரும் 3:2. அகலவாக்கில் எடுத்த படம் என்றால் மேலும் கீழுமாகச் சுமார் 11 விழுக்காடு வெட்டுப்படும். அப்பாவின் தலைப்பாகையோ மாலையின் நுனியோ போய்விடும். எங்கே வெட்டலாம் என்பதை நீங்களே முடிவு செய்துகொண்டு போங்கள், இயந்திரத்திடம் விடாதீர்கள்.

ஐஃபோன் ஒரிஜினல் பெரும்பாலும் எச்இஐசி என்ற வேறொரு சுருக்கிய கோப்பு வடிவில் இருக்கும். எல்லாக் கடையும் அதை வாங்காது. அதனால் ஒரு நகல் எடுத்து, உச்ச தரத்தில் ஜேபெக் ஆக்கிக் கொடுங்கள். மேக்கில் பிரிவியூ, விண்டோஸில் எக்ஸ்என்கன்வர்ட் போன்ற இலவச மென்பொருள் போதும். முகம் தெரியாத இணையத்தளத்தில் குடும்பப் படங்களை ஏற்றி மாற்றாதீர்கள். படத்தோடு எடுத்த இடத்தின் விவரமும் சேர்ந்தே போகலாம். மாற்றும்போது நிறத்தை எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிற வரம்பில் வைத்துக்கொள்ளுங்கள். ஐஃபோன் அதைவிட அகலமான நிற வரம்பில் எடுக்கிறது. அதை மதிக்காத இயந்திரத்தில் அரக்குப் பட்டு வெளிறிப்போகும். கேன்வாஸுக்குப் பணம் கட்டுமுன் அதே கடையில் ஒரு 4ஆர் போட்டு நிறம் பாருங்கள்.

அப்புறம், ஏஐ வைத்துப் பெரிதாக்கித் தருகிறோம் என்பார்கள். அது இல்லாத நுணுக்கத்தை ஊகித்து வரைகிறது. பூவுக்கும் தூணுக்கும் பரவாயில்லை. அம்மாவின் முகத்தை ஊகித்து வரைய நான் விடமாட்டேன்.

கேள்வி: ஃபோன் நிரம்பிவிட்டது. பிள்ளைகள் பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள். காலத்துக்கும் இருக்க எச்இஐசியை எல்லாம் ஜேபெக்காகவோ டிஃபாகவோ மாற்றிவிட்டு ஒரிஜினலை அழிக்கலாமா?
– ஒரு வாசகர், தெம்பனிஸ்

பதில்: அழிக்காதீர்கள். ஜேபெக்காக மாற்றினால் கொஞ்சம் தரம் போகும், டிஃபாக மாற்றினால் இடம் பல மடங்கு பிடிக்கும். இரண்டிலும் லாபமில்லை. எச்இஐசி ஒன்றும் ஆப்பிளின் சொந்த ரகசியம் அல்ல, உலகத் தர நிர்ணயத்தில் உள்ளது. ஒரிஜினலாகவே வைத்திருங்கள், அச்சடிக்கும் படத்துக்கு மட்டும் நகல் எடுத்தால் போதும். டிஃப் நியாயமாகத் தேவைப்படுவது தாத்தா பாட்டி காலத்து அச்சுப் படங்களை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்யும்போது. நம் ஊர்ப் புழுக்கத்தில் பூஞ்சை பிடிப்பதற்குள் அந்த ஆல்பங்களை முதலில் எடுங்கள்.

காப்பி மூன்று இருக்கட்டும்: இரண்டு வெவ்வேறு டிரைவில், ஒன்று வீட்டுக்கு வெளியே. ஐகிளவுட்டில் இடம் மிச்சப்படுத்தும் வசதி ஓடிக்கொண்டிருந்தால் ஃபோனில் இருப்பது சிறிய படமாக இருக்கலாம். முழு ஒரிஜினலை இறக்கிய பிறகே காப்பி எடுங்கள். கூகல் ஃபோட்டோஸில் "ஸ்டோரேஜ் சேவர்" என்றிருந்தால் படம் சுருங்கியே ஏறும். 2021 ஜூன் முதல் அதுவும் உங்கள் 15 ஜிபி கணக்கில்தான் சேர்கிறது.

கேள்வி: நான் பணம் கட்டிப் படத்தை டிஃபுக்கு மாற்றிவிட்டேன். பெரிய பிரிண்ட் மங்கலாகத்தான் வந்தது. திருப்பிக் கேட்க முடியுமா?
– ஒரு வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: அவர் என்ன சொல்லி விற்றார் என்பதைப் பொறுத்தது. "ரெசல்யூஷன் கூடும்" என்று ரசீதிலோ வாட்ஸ்அப் செய்தியிலோ இருந்தால் உங்கள் பக்கம் வலு இருக்கிறது. இல்லாத பலனைச் சொல்லி விற்பதை நியாய வர்த்தகச் சட்டம் தடுக்கிறது. படம் சிறியது என்று அவர் எச்சரித்தும் நீங்கள் போடச் சொல்லியிருந்தால் கஷ்டம். முதலில் இரண்டு கோப்பின் பிக்சல் அளவையும் காட்டிக் கடையில் பேசுங்கள். மசியவில்லை என்றால் பயனீட்டாளர் சங்கமான கேஸிடம் போகலாம். அதற்கும் மேலே சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரையிலான வழக்கை ஈராண்டுக்குள் பதியலாம், வழக்கறிஞர் தேவையில்லை. மாற்றிய கோப்பையும் மங்கலான பிரிண்டையும் அதுவரை பத்திரமாக வைத்திருங்கள்.