க்யூவில் தொடங்கும் ஐந்தெழுத்து: கேள்வி பதில்

ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லை ஆறு முயற்சிக்குள் கண்டுபிடிக்கும் வேர்டிலிலும், எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிராபிளிலும் க்யூ (Q) என்ற எழுத்திடம் மாட்டிக்கொண்டவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஆங்கிலச் சொற்களைத் தமிழில் எழுதுவதால், குழம்பும் இடங்களில் பொருளையோ எழுத்துக்கூட்டையோ சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: க்யூவில் தொடங்கும் ஐந்தெழுத்துச் சொற்கள் எத்தனை? எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

வேர்டிலுக்கு 23 போதும். வேர்டிலை உருவாக்கிய ஜோஷ் வார்டில் (Wardle) முதலில் வைத்திருந்த விடைப் பட்டியலில் 2,315 சொற்கள். எஸ்ஸில் தொடங்குபவை 366, க்யூவில் 23. 2022இல் நியூயார்க் டைம்ஸ் வாங்கிய பிறகு சில சொற்களைச் சேர்த்தார்கள், சிலவற்றை எடுத்தார்கள். பயிற்சிக்குப் பழைய பட்டியலே போதும்.

இந்த 23இலும் இரண்டாவது எழுத்து யூதான். அதனால் அகரவரிசையில் உருப்போடாமல், மூன்றாவது எழுத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஏ வந்தால் எட்டு: குவாக் (போலி வைத்தியர்), குவெயில் (காடை), குவேக் (நடுக்கம்), குவாம் (மன உறுத்தல்), குவார்க், குவார்ட், குவாஷ் (தீர்ப்பை ரத்துசெய்வது), குவாசி.
இ வந்தால் ஆறு: குயீன், குயிர், குவெல் (அடக்குவது), குயரி, குவெஸ்ட், வரிசையைக் குறிக்கும் க்யூ.
ஐ வந்தால் ஆறு: குயிக், குவயட், குவில் (இறகுப் பேனா), குவில்ட் (பஞ்சு வைத்துத் தைத்த போர்வை), குவர்க், குவைட்.
ஓ வந்தால் மூன்றே: கோட்டா, கோட் (மேற்கோள்), குவோத் (‘சொன்னான்’ என்பதன் பழைய வடிவம்).

கேள்வி: க்யூவும் யூவும் பச்சையாகிவிட்டன. அடுத்து என்ன போடுவது? நான் ஒவ்வொன்றாகப் போட்டு ஆறு முயற்சியையும் தீர்த்துவிடுகிறேன்.

பச்சை என்றால் எழுத்தும் இடமும் சரி, மஞ்சள் என்றால் எழுத்து உண்டு, இடம் வேறு. ஒவ்வொன்றாகப் போடுவதுதான் தப்பு. க்யூவே இல்லாத ஒரு சொல்லைப் போடுங்கள்: லேட்டர் (எல், ஏ, டி, இ, ஆர்). மேலே உள்ள 23ஐயும் அது 18 குழுவாகப் பிரித்துவிடும். 15 சொற்கள் தனித்தனியாகவே நிற்கும். நிறத்தைப் பார்த்ததும் விடை தெரிந்துவிடும். ஓர் எழுத்துகூட நிறம் மாறவில்லை என்றால் குயிக். ஏ, ஆர், டி மூன்றும் மஞ்சள் என்றால் குவார்ட். இ, ஆர் இரண்டும் பச்சை என்றால் குயிர். எல் மட்டும் மஞ்சள் என்றால் குவில்.

மீதியில் மூன்று சிக்கல்தான். ஏ மட்டும் மஞ்சளானால் குவாக், குவாஷ், குவாசி மூன்றில் ஒன்று. குவாஷ் போட்டுப் பாருங்கள், தப்பானாலும் மற்ற இரண்டும் பிரிந்துவிடும். எல்லும் ஏயும் மஞ்சளானால் குவெயில் அல்லது குவாம். டியும் இயும் மஞ்சளானால் குவெஸ்ட், குவைட், கோட். அங்கே குவைட் போடுங்கள்.

முந்தைய முயற்சிகளில் கழிந்துபோன எழுத்துகள் இருந்தால் பட்டியல் இன்னும் சுருங்கும். நான்கைந்து சொற்களே மிஞ்சியிருந்தால் லேட்டர் வேண்டாம், நேரே விடையைத் தேடுங்கள்.

கேள்வி: ஹார்ட் மோடில் லேட்டர் செல்லாதே?

செல்லாது. ஹார்ட் மோடில், தெரிந்துவிட்ட எழுத்துகளை அடுத்த முயற்சியிலும் வைத்தே ஆக வேண்டும். அங்கே குவைட் (ஐ, டி, இ) போடுங்கள். 12 குழுவாகப் பிரியும், பெரிய குழுவில் நான்கு சொற்கள். அதில் சிரமமானது குவாக், குவாம், குவார்க், குவாஷ் கூட்டம். இன்னும் இரண்டு மூன்று முயற்சி போகலாம்.

ஒன்றைக் கவனியுங்கள். ‘அமைதி’ என்ற பொருளுள்ள குவயட்டில் கடைசி எழுத்துகள் இ, டி. ‘ஓரளவு, மிகவும்’ என்ற பொருளுள்ள குவைட்டில் டி, இ. பலர் இதை மாற்றி அடித்துவிட்டு நிறம் தப்பாக வருகிறது என்று நினைக்கிறார்கள்.

கேள்வி: க்யூவுக்குப் பின்னால் ஏன் எப்போதும் யூ?

பழைய ஆங்கிலத்தில் குயீனையும் குயிக்கையும் சி-டபிள்யூ ஒலிக்கூட்டில்தான் எழுதினார்கள். 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, பிரெஞ்சு முறையில் பழகிய எழுத்தர்கள் அதை க்யூ-யூ ஆக்கினார்கள். கோட்டா போன்றவை லத்தீனிலிருந்து அப்படியே வந்தவை.

கேள்வி: ஸ்கிராபிளில் க்யூ கையில் இருக்கிறது, யூ இல்லை. என்ன செய்வது?

முதலில் இரண்டெழுத்து கி (க்யூ, ஐ), சீனர்கள் சொல்லும் உயிராற்றல். பலகையில் திறந்த ஐ ஒன்று இருந்தால் போதும். மும்மடங்கு எழுத்துக் கட்டத்தில் க்யூவை வைத்து, குறுக்கும் நெடுக்கும் இரண்டு கி அமைந்தால் 62 புள்ளி.

ஐந்தெழுத்தில் அரபிச் சொற்களை நினைவில் வையுங்கள், நமக்குப் பழக்கமானவைதான். தலாக், பக்கீர், புர்கா, நிகாப், கிப்லா எல்லாமே ஸ்கிராபிளுக்கான காலின்ஸ் சொற்பட்டியலில் செல்லும். புர்காவில் யூ உண்டு, ஆனால் க்யூவுக்குப் பின்னால் இல்லை. நிலத்தடி நீர்க்கால்வாயான கனாத்தும் செல்லும். அரபியில் காஃப், ‘காஃப்’ என நம் காதில் ஒன்றாகவே விழும் இரண்டு எழுத்துகள் உண்டு. அடித்தொண்டையில் பிறப்பதைத்தான் ஆங்கிலத்தில் க்யூவாக எழுதுகிறார்கள்.

கேள்வி: முதல் ஆட்டத்திலேயே குயிக் வந்தது. 40 புள்ளிதான் கிடைத்தது. சரியா?

கணக்கு சரி, வைத்த இடம்தான் சரியில்லை. எழுத்துகளுக்கு 20, நடு நட்சத்திரத்தில் இரட்டிப்பாகி 40. நடு வரிசையின் நான்காவது கட்டத்தில் க்யூவை வைத்திருந்தால் கே நட்சத்திரத்தில் உட்காரும். நான்காவது கட்டம் எழுத்தை இரட்டிப்பாக்குவதால் க்யூவுக்கு 20, மொத்தம் 30, இரட்டித்தால் 60. நட்சத்திரத்திலிருந்து தொடங்கி வைத்தால் கே பன்னிரண்டாவது கட்டத்தில் விழும், அப்போது 50.

கேள்வி: க்யூவை எவ்வளவு நேரம் கையில் வைத்திருக்கலாம்?

யூ மொத்தமே நான்கு கட்டை. நான்கும் பலகையில் இறங்கிவிட்டால், திறந்த ஐயும் இல்லாவிட்டால், மாற்றிவிடுங்கள். பையில் ஏழு கட்டைக்குக் குறைந்தால் மாற்ற முடியாது, அதனால் கடைசி வரை தள்ளிப்போடாதீர்கள். ஆட்டம் முடியும்போது க்யூ கையில் நின்றால் உங்களுக்கு 10 குறையும், முடித்தவருக்கு 10 கூடும். போட்டி விதியில் எதிராளிக்கு 20 போகும். எப்படிப் பார்த்தாலும் 20 புள்ளி வித்தியாசம்.

கேள்வி: ப்ளாங்க்கை (எந்த எழுத்தாகவும் வைக்கக்கூடிய வெற்றுக் கட்டை) யூவாக வைத்து க்யூவை இறக்கலாமா?

ஆட்டம் முடியப் போகிறது என்றால் தாராளமாக. தொடக்கத்தில் வேண்டாம், ஏழு கட்டையையும் ஒரே முறையில் இறக்கி 50 போனஸ் எடுக்க ப்ளாங்க்தான் உதவும்.