வாசகர் கேள்வி-பதில்: சிரட்டையில் சொட்டும் பாலும் இதய வால்வும்

கேள்வி: தக்கலை பக்கத்தில் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மருத்துவக் கருவிகளையும் அவற்றை உருவாக்கும் பயோமெடிக்கல் இன்ஜினீயரிங்கையும் அறிமுகப்படுத்த ஆசை. லேப் என்று சொல்லும்படி எங்களிடம் எதுவும் இல்லை. எதிலிருந்து தொடங்குவது?

பதில்: டீச்சர், பெரிய மெஷினிலிருந்து மட்டும் தொடங்க வேண்டாம். நான் அந்தத் தப்பைச் செய்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில் கருவிகளைப் பராமரிக்கும் வேலையில் இருந்தபோது, சுற்றிப் பார்க்க வந்த பிள்ளைகளை நேராக சி.டி. ஸ்கேன் அறைக்கு அழைத்துப் போய் அரை மணி நேரம் விளக்கினேன். கிளம்பும்போது என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், ‘பெரிய மெஷின் சார்’ என்பதற்கு மேல் ஒருவரிடமிருந்தும் ஒரு சொல் வரவில்லை. தப்பு பிள்ளைகளிடம் இல்லை. அது யாருடைய எந்தக் கஷ்டத்துக்காக வந்த மெஷின் என்று நான் சொல்லவே இல்லையே.

அதனால் கஷ்டத்தை முதலில் சொல்லுங்கள். ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கும் ஒருவருக்குத் தானாகச் சிறுநீர் போகவில்லை, மெல்லிய ரப்பர் குழாய் ஒன்றை உள்ளே விட வேண்டும், ஆனால் அவர் கொஞ்சம் புரண்டு படுத்தாலே அது வழுக்கி வெளியே வந்துவிடும், என்ன செய்யலாம்? விடையை உடனே சொல்லாதீர்கள். பிளாஸ்டர் ஒட்டலாம் என்பார்கள், கட்டி வைக்கலாம் என்பார்கள், யாராவது ஒரு பிள்ளை பலூன் என்றும் சொல்லலாம். பலூன்தான் விடை! ஃபோலி குழாய் என்று சொல்லும் அந்த ரப்பர் குழாயின் நுனிக்குச் சற்றுக் கீழே குட்டி பலூன் ஒன்று உண்டு. குழாய் மூத்திரப்பையை எட்டியதும் தனியாக இருக்கும் இன்னொரு வழியில் சிரிஞ்சால் தண்ணீர் ஏற்றினால் அது உப்பி அங்கேயே நிற்கும், எடுக்கும்போது தண்ணீரை உறிஞ்சிவிட்டால் சுருங்கிவிடும். மெடிக்கல் ஷாப்பில் பிரிக்காத புதுக் குழாய் ஒன்று வாங்கி, கண்ணாடி டம்ளருக்குள் விட்டு உப்ப வைத்துக் காட்டுங்கள். ஆஸ்பத்திரியில் பயன்படுத்திய எதையும், குழாயோ ஊசியோ, வகுப்புக்குள் கொண்டுவரவே கூடாது.

அப்புறம் அது எதனால் ஆனது என்று கேளுங்கள். இதை நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. குலசேகரம் பக்கமெல்லாம் விடியும் முன்பே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்களின் பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். சிரட்டையில் சொட்டும் அதே பாலை ஆசிட் ஊற்றி உறைய வைத்தால் ரப்பர் ஷீட். அம்மோனியா சேர்த்து உறையாமல் காத்து, பீங்கான் கை அச்சை அதில் முக்கி எடுத்தால் ஆபரேஷன் கையுறை. ஆனால் அந்தப் பாலில் இருக்கும் புரதம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, உடம்பு தடிக்கும், மூச்சுகூடத் திணறும், அதனால்தான் சிலிக்கோன் குழாயும் தேவைப்பட்டது. வெளியிலிருந்து ஒரு பொருளை உள்ளே வைத்தால் உடம்பு அதை என்ன செய்யும் என்ற கேள்விக்குப் பிள்ளைகள் இப்படித் தாங்களாகவே வந்து சேர்வார்கள். இந்தத் துறையில் பாதி அந்தக் கேள்விதான்.

செலவே இல்லாத ஒன்று சொல்கிறேன். சப்பாத்தி மாவை மிளகு போல உருட்டி, மணிக்கட்டில் நாடி துடிக்கும் இடத்தில் ஒட்டி, அதில் ஒரு ஈர்க்குச்சித் துண்டைச் செருகி, கையை மேஜைமேல் அசையாமல் வைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு துடிப்புக்கும் ஈர்க்குச்சி மெல்லத் தலையாட்டும். மைதானத்தை ஒரு சுற்று ஓடிவந்து மறுபடி எண்ணட்டும். அடுத்து செல்போன் டார்ச்சை விரல் நுனியில் அழுத்தினால் விரல் சிவப்பாக ஒளிரும். கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டர் அந்த வெளிச்சத்தைத்தான் அளக்கிறது. சிவப்பு ஒளி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி இரண்டையும் அனுப்பி, ஆக்சிஜன் ஏறிய ரத்தம் எதை எவ்வளவு விழுங்குகிறது என்று பார்க்கும். 1970களில் ஜப்பானில் தக்குவோ அயோயாகி என்ற பொறியாளர் வேறொரு அளவீடு செய்துகொண்டிருந்தார். நாடித் துடிப்பு அதைக் கெடுத்துக்கொண்டே இருக்க, அதை ஒழிக்கப் பார்க்கும்போதுதான், அந்தத் துடிப்பை வைத்தே தமனி ரத்தத்தின் ஆக்சிஜனை அறியலாம் என்று கண்டார். இந்தக் கதையைப் பிள்ளைகளிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

கடைசியாக இதய வால்வு. இதய ஆபரேஷனுக்குத் திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா மருத்துவ நிறுவனத்துக்குப் போய் வந்தவர்கள் நம் மாவட்டத்தில் நிறைய. செயற்கை வால்வு வைத்தவர் பக்கத்தில் ராத்திரி அமைதியாக இருக்கும்போது உட்கார்ந்தால் டிக், டிக் என்ற சத்தம் காதில் விழும், அப்படி ஒரு பாட்டி யாராவது ஒரு பிள்ளையின் வீட்டில் இருக்கலாம். நிமிடத்துக்கு 72 துடிப்பு என்றால் வருஷத்துக்கு எத்தனை தடவை அது திறந்து மூட வேண்டும்? பிள்ளைகளே பெருக்கட்டும், 3 கோடியே 78 லட்சம் வரும். அத்தனையையும் தாங்கும் வால்வைச் செய்ய இதய அறுவை சிகிச்சை நிபுணர் டாக்டர் எம்.எஸ்.வலியத்தான் குழு ஸ்ரீசித்ராவில் பல வருஷம் உழைத்தது. வால்வில் திறந்து மூடும் தட்டைச் செயற்கை நீலக்கல்லில் செய்துகூடப் பார்த்தார்கள், நிலைக்கவில்லை. மூன்று மாதிரிகள் தோற்று, பிளாஸ்டிக் தட்டு வைத்த நான்காவதுதான் 1990இல் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. தோற்ற மூன்றையும் விட்டுவிட்டு நான்காவதை மட்டும் சொல்லிவிடாதீர்கள் டீச்சர்.

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு. பயோமெடிக்கல் படிக்க வேண்டும் என்கிறாள். பிளஸ் ஒன்னில் எந்த குரூப் எடுப்பது? நீட் எழுத வேண்டுமா?
ஒரு தாய், மார்த்தாண்டம்

பதில்: நீட் வேண்டாம் அம்மா. இது இன்ஜினீயரிங் படிப்பு, நம் மாநிலக் கவுன்சலிங்கில் பிளஸ் டூ கணிதம், இயற்பியல், வேதியியல் மார்க்தான் கணக்கு. உயிரியலோடு கணிதமும் இருக்கும் குரூப் ரொம்பப் பொருத்தம். கம்ப்யூட்டர் சயன்ஸ் எடுத்தாலும் சேரலாம், கணிதத்தை மட்டும் விட்டுவிடக் கூடாது. பெயரில் மெடிக்கல் இருந்தாலும் படிப்பில் எலெக்ட்ரானிக்ஸ் நிறைய வரும், அதை இப்போதே மகளிடம் சொல்லிவிடுங்கள். கல்லூரி பார்க்கப் போகும்போது, மாணவர்களை எந்த ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்கு அனுப்புகிறீர்கள், எத்தனை நாள் என்று கேளுங்கள். நேரான பதில் வரவில்லையென்றால் வேறு கல்லூரி பாருங்கள்.