காலை உணவுக்கான சிரப்புகள்: எது அல்ட்ரா-பிராசஸ்டு? கேள்வி பதில்

கேள்வி: பான்கேக் மேல் ஊற்றும் சிரப் எல்லாமே அல்ட்ரா-பிராசஸ்டு என்கிறார்களே, உண்மையா?

எல்லாம் இல்லை. அல்ட்ரா-பிராசஸ்டு என்றால் தொழிற்சாலையில் மிகையாகப் பதப்படுத்தியது. இந்தச் சொல், உணவுகளைப் பதப்படுத்தும் விதத்தை வைத்துப் பிரிக்கும் நோவா என்ற வகைப்பாட்டோடு பரவியது. 2009இல் பிரேசிலின் சாவோ பாலோ பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர் கார்லோஸ் மொன்தேய்ரோ முன்வைத்த கருத்திலிருந்து வளர்ந்தது அது. அதில் நான்கு குழுக்கள். சர்க்கரை, எண்ணெய், உப்பு போன்ற சமையல் பொருட்கள் 2ஆம் குழு. தேனும் மேப்பிள் சிரப்பும் அங்கேதான் வருகின்றன. அல்ட்ரா-பிராசஸ்டு என்பது 4ஆம் குழு. ஒரே அலமாரியில் ஒரே நிறத்தில் நிற்கும் இரண்டு பாட்டில்கள் வேறு வேறு குழுவில் இருக்கலாம்.

கேள்வி: லேபிளில் எதைப் பார்த்து முடிவு செய்வது?

முன்பக்கப் படத்தை விட்டுவிட்டு, பின்பக்கம் பொருள் பட்டியலைப் படியுங்கள். சுத்தமான மேப்பிள் சிரப் என்றால் ஒரே ஒரு பொருள்தான் இருக்கும். 'பான்கேக் சிரப்', 'டேபிள் சிரப்' என்று விற்பவற்றில் பெரும்பாலும் இப்படி வரும்: கார்ன் சிரப், ஹை ஃப்ரக்டோஸ் கார்ன் சிரப், தண்ணீர், செல்லுலோஸ் கம், கேரமல் நிறம், உப்பு, செயற்கை மணம், சோடியம் பென்சோயேட்.

இதில் எது 4ஆம் குழுவுக்குத் தள்ளுகிறது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். சோடியம் பென்சோயேட்டைப் பார்த்ததும் பயப்படுகிறோம். ஆனால் பூஞ்சை வராமல் தடுக்கும் பொருள் மட்டும் இருப்பதால் ஓர் உணவு அல்ட்ரா-பிராசஸ்டு ஆகிவிடாது. நோவா தேடுவது இரண்டை. ஒன்று, வீட்டுச் சமையலில் யாரும் புழங்காத தொழிற்சாலைப் பொருட்கள்: ஹை ஃப்ரக்டோஸ் கார்ன் சிரப், மால்டோடெக்ஸ்ட்ரின் (மாவுச்சத்தை உடைத்துச் செய்த பொடி), இன்வர்ட் சர்க்கரை (குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் எனப் பிரித்த சர்க்கரை) போன்றவை. மற்றொன்று, நிறம், மணம், கெட்டித்தன்மை, இனிப்பு ஆகியவற்றைப் போலியாக ஏற்படுத்தும் சேர்மங்கள். மேலே சொன்ன பட்டியலில் இரண்டும் இருக்கின்றன. செல்லுலோஸ் கம் இல்லாவிட்டால் அந்தச் சிரப் அவ்வளவு சோம்பலாக வழியாது. கேரமல் நிறம் இல்லாவிட்டால் வெளிறித் தெரியும்.

கேள்வி: மேப்பிளும் தொழிற்சாலையில் காய்ச்சுவதுதானே? கார்ன் சிரப் மட்டும் ஏன் குற்றவாளி?

நல்ல கேள்வி. மேப்பிள் மரச்சாற்றில் சர்க்கரை ஏறக்குறைய 2% தான். சுமார் 40 லிட்டர் சாற்றிலிருந்து 1 லிட்டர் சிரப் கிடைக்கும். தண்ணீரின் கொதிநிலையைவிட ஏறத்தாழ 4 டிகிரி செல்சியஸ் கூடும்போது சர்க்கரை 66% அளவை எட்டியிருக்கும். அதுதான் இறக்கும் பதம். இன்று பலர் ரிவர்ஸ் ஆஸ்மோசிஸ் கருவியில் பாதிக்கு மேல் தண்ணீரை முதலிலேயே பிரித்துவிடுகிறார்கள். எப்படிச் செய்தாலும் நடப்பது தண்ணீரை நீக்குவதுதான். நிறமும் மணமும் கொதிக்கும்போது தானாகவே உருவாகின்றன.

கார்ன் சிரப்பின் வழி வேறு. சோளத்திலிருந்து மாவுச்சத்தை மட்டும் பிரித்து, நொதிகளால் குளுக்கோஸாக உடைக்கிறார்கள். அதில் ஒரு பகுதியை இன்னொரு நொதியால் ஃப்ரக்டோஸாக மாற்றினால் ஹை ஃப்ரக்டோஸ் கார்ன் சிரப். அதன் பெயரோடு வரும் 42, 55 என்ற எண்கள் ஃப்ரக்டோஸின் சதவீதம். சோளத்தில் இல்லாத இனிப்பு இங்கே உருவாக்கப்படுகிறது.

கேள்வி: அகேவ், கோல்டன் சிரப், பேரீச்சைச் சிரப்?

பேரீச்சையை ஊறவைத்து, பிழிந்து, வடித்து, வற்றவைத்தது மட்டும் என்றால் கவலை இல்லை. குளுக்கோஸ் சிரப் கலந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

அகேவ் என்ற கற்றாழை போன்ற செடியின் சிரப் 'இயற்கை' என்ற பெயரில் விற்கிறது. அந்தச் செடியில் இருப்பது பெரும்பாலும் ஃப்ரக்டன், அதாவது ஃப்ரக்டோஸ் கோத்த நீண்ட சங்கிலி. வெப்பத்தாலோ நொதியாலோ அதை உடைத்தால்தான் இனிப்பு வரும். ஃப்ரக்டோஸ் மிகுந்த சிரப்பாக அது மாறும். நான் இதை மேப்பிளுக்குப் பக்கத்தில் வைக்க மாட்டேன். கோல்டன் சிரப் ஓரளவு இன்வர்ட் செய்த சர்க்கரைப் பாகு. நோவாவின் எழுத்தின்படி 4ஆம் குழு. உடலைப் பொறுத்தவரை அதைச் சர்க்கரையாகவே எண்ணிக்கொள்ளலாம்.

கேள்வி: சர்க்கரை இல்லாத சிரப்புக்கு மாறினால்?

அதில் இருப்பவை: தண்ணீர், சார்பிட்டால், சுக்ரலோஸ் போன்ற மாற்று இனிப்புகள், கெட்டியாக்கி, மணம், நிறம். சந்தேகமில்லாமல் 4ஆம் குழு. கலோரி குறைவு என்பது வேறு கணக்கு.

கேள்வி: அப்படியென்றால் மேப்பிளை அளவு பார்க்காமல் ஊற்றலாமா?

கூடவே கூடாது. பதப்படுத்தல் ஒரு கேள்வி, சர்க்கரை இன்னொரு கேள்வி. ஒரு மேசைக்கரண்டி மேப்பிளில் ஏறக்குறைய 12 கிராம் சர்க்கரை. சேர்க்கப்படும் சர்க்கரையோடு தேன், சிரப்பில் உள்ளதையும் சேர்த்து, மொத்தக் கலோரியில் 10%க்குக் கீழே நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2015 வழிகாட்டுதல்; 5% என்றால் இன்னும் நல்லது. 2000 கலோரி உண்பவருக்கு அந்த 5% சுமார் 25 கிராம். இரண்டு மேசைக்கரண்டியில் முடிந்துவிடும்.

இன்னொன்று. 2019இல் அமெரிக்காவில் கெவின் ஹால் குழு 20 பேரிடம் நடத்திய ஆய்வில், அல்ட்ரா-பிராசஸ்டு உணவுமுறையில் அவர்கள் நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 கலோரி கூடுதலாக உண்டார்கள். அது முழு உணவுமுறை பற்றிய ஆய்வு. ஒரு கரண்டி சிரப்புக்கு அதைச் சான்றாக இழுக்காதீர்கள்.

கேள்வி: வீட்டில் செய்த சிரப் கெட்டியாகிக் கற்கண்டு போல் ஆகிவிடுகிறது. ஏன்?

தண்ணீர் கூடுதலாக வற்றியதுதான் காரணம். அறை வெப்பத்தில் தண்ணீரில் கரைந்து நிற்கக்கூடிய சர்க்கரை 67% அளவுதான். 200 கிராம் சர்க்கரைக்கு 100 மி.லி. தண்ணீர் என்றால் அந்த எல்லையிலேயே நிற்கிறீர்கள். பாத்திரத்தை முதலில் எடைபோட்டு வையுங்கள். சர்க்கரை முழுதும் கரைந்த பிறகு கிளறாதீர்கள். அரைத் தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டு, மூடி, சிறு தீயில் 5 நிமிடம் வையுங்கள். மூடியில் படியும் ஆவி பாத்திர ஓரத்தில் ஒட்டிய சர்க்கரை மணிகளைக் கழுவிவிடும். இறக்கியதும் சிரப் மட்டும் 300 கிராமுக்குக் குறைந்தால், குறையும் அளவுக்குச் சுடுநீர் சேருங்கள். வாசனைக்கு, லேசாக வறுத்த கால் தேக்கரண்டி வெந்தயத்தைப் போட்டு 10 நிமிடம் கழித்து வடிக்கலாம். வெந்தயத்தின் சோட்டோலான் என்ற பொருளின் மணம் மேப்பிளை நினைவூட்டும். கருகினால் கசக்கும்.

கேள்வி: எலுமிச்சை சேர்த்தால் அதுவும் இன்வர்ட் சர்க்கரைதானே?

ஆமாம், சிறிதளவு அப்படி மாறத்தான் செய்யும். படிகம் உருவாகாமல் தடுப்பதும் அதுவே. ஆனால் நீங்கள் வாங்கியது சர்க்கரையும் எலுமிச்சையும்தான், செய்ததும் அடுப்பில்தான். அதனால் 4ஆம் குழுவில் சேராது. வேதியியல் ஒன்றாக இருந்தும் குழு மாறுவது இந்த வகைப்பாட்டின் பலவீனம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கேள்வி: 10 மாதக் குழந்தைக்குச் சிரப்புக்குப் பதில் தேன் தரலாமா?

வேண்டவே வேண்டாம். ஒரு வயது முடியும் வரை தேன் ஒரு துளிகூடக் கூடாது. பாட்டுலிசம் என்ற நச்சு நோய்க்கான கிருமியின் வித்துகள் அதில் இருக்கலாம். அந்த வயதில் சிரப்பும் தேவையில்லை. நன்கு மசித்த பழம் போதும்.