கடலில் புலி, கரையில்?

கேள்வி: பேரரசு கட்டிப் போரிடும் 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' கணினி விளையாட்டில் திராவிடர் அணியை எடுத்தால் தோற்றுக்கொண்டே இருக்கிறேன். தேறுமா? – வாசகர், தங்கச்சிமடம்

பதில்: தண்ணீர் இருந்தால் தேறும்! 2022-இல் சேர்ந்த இந்த அணி நம்ம பாம்பன் ஆள் மாதிரி. மீன்பிடிப் படகு ஒரு நடைக்கு 15 உணவு கூடுதலாகச் சுமக்கும். ஆட்டத்தில் அடுத்த யுகத்துக்கு, அதாவது அடுத்த கட்டத்துக்கு, முன்னேறும்போதெல்லாம் 200 மரம் சும்மா வரும். எனக்கு அது அப்படியே படகாகிவிடும். இந்த அணிக்கே உரிய போர்க்கப்பலான திரிசடை இறங்கினால் கடல் நம் கையில்.

குதிரைப்படைதான் சோப்ளாங்கி. போன வாரம் வெறும் தரை வரைபடத்தில் என் மச்சினன் மகன் மங்கோலியர் அணியோடு வந்து என் விறகுவெட்டிகளைத் துரத்தித் துரத்தி அடித்தான். வூட்ஸ் எஃகு என்ற இந்த அணியின் தனித் தொழில்நுட்பம் வந்தால் என் காலாட்படைக்கு எதிரியின் கவசம் ஒரு பொருட்டே இல்லை. சரி, அதுவரை தாக்குப்பிடிக்க வேண்டுமே!