19 வந்ததை 26 என்று எழுதச் சொல்கிறார்கள்

கேள்வி: சென்னைப் புறநகரில் எழும் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் தரக் கட்டுப்பாட்டுப் பொறியாளராக இருக்கிறேன். வயது 25, முதல் வேலை. இரண்டாம் தளத் தூண்களுக்குப் போட்ட எம்25 கான்கிரீட்டின் (28ஆம் நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் தாங்க வேண்டியது) கியூப்கள், அதாவது சோதனைக் கட்டிகள், 28ஆம் நாள் சோதனையில் சராசரியாக 19தான் காட்டின. "26.4 என்று எழுதிக் கையெழுத்துப் போடும்மா, எல்லா சைட்டிலும் நடப்பதுதான்" என்கிறார் திட்ட மேலாளர். மறுக்க நினைக்கிறேன். ஆனால் 7ஆம் நாள் சோதனையில் 14 வந்ததை, அவர் சொன்னபடி 17 என்று ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டேன். இப்போது உண்மையைச் சொன்னால் முதலில் மாட்டுவது நான்தானே? அப்பாவுக்கு ஓய்வூதியம் இல்லை. என் கல்விக் கடன் இந்தச் சம்பளத்தில்தான் அடைகிறது. வீட்டில் எதுவும் சொல்லவில்லை. தூண்களுக்கு மேலே இரண்டு தளங்கள் எழுந்துவிட்டன.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அம்மா, உங்கள் கடிதம் வந்த அன்றே "கையெழுத்துப் போடாதீர்கள்" என்று இரண்டு வரி அனுப்பினேன். காரணத்தை இங்கே விரிவாக எழுதுகிறேன். இதே இக்கட்டில் நிற்கும் வேறு பிள்ளைகளும் இதைப் படிக்கக்கூடும்.

முதலில் அந்த 17. நீங்கள் அஞ்சுவது மேலாளருக்கு அல்ல, உங்கள் கையால் எழுதிய அந்த எண்ணுக்குத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. இதை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டிப் பணியில் இருந்தேன். கான்கிரீட் போட்ட பிறகு நான்கு நாள் லாரித் தண்ணீர் வரவில்லை. நீராற்றவே இல்லை, அதாவது கான்கிரீட்டை ஈரமாக வைத்திருக்கவே இல்லை. பதிவேட்டில் மட்டும் பத்து நாளும் நீராற்றியதாக எழுதி என்னிடம் நீட்டினார்கள், கையெழுத்துப் போட்டேன். பின்னால் சுவர் கசிந்தது. வேலை சரியில்லை என்று பழியைக் கொத்தனார் மீது போட்டு அவரை அனுப்பிவிட்டார்கள். எனக்குக் காரணம் தெரியும். பதிவேட்டில் என் கையெழுத்து இருந்ததால் வாயைத் திறக்க முடியவில்லை. அந்த மனிதர் தன் கரண்டியையும் ரசமட்டத்தையும் சாக்குப்பையில் போட்டுக்கொண்டு போனதை நான் இன்றுவரை மறக்கவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், அந்த 17ஐ நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். மேலாளரின் கையில் இருக்கும் ஒரே பிடி அதுதான். ஏழாம் நாளில் எழுதியதைத் திருத்திக்கொள்ளும் இளம் பொறியாளரை எவரும் மன்னிக்க இடமுண்டு. 28ஆம் நாளிலும் மாற்றி எழுதிய பிறகு அந்த இடம் குறுகிவிடும்.

அடுத்தது, உங்கள் மேலாளரே மறந்திருக்கக்கூடிய ஒன்று. கியூப் தோற்றுவிட்டால் தூணும் தோற்றுவிட்டதாகப் பொருள் இல்லை. பதினைந்து சென்டிமீட்டர்க் கட்டியைச் சரியாகக் குத்தி நிரப்பாமல் விட்டிருக்கலாம், தண்ணீர்த் தொட்டியில் போடாமல் வெயிலில் கிடக்க விட்டிருக்கலாம். லாரி தாமதமாகி, கலவை இறுகியதென்று பம்ப் ஆட்கள் தண்ணீரை ஊற்றியிருந்தால் தூணே பலவீனமாகியிருக்கவும் கூடும். எது நடந்தது என்று மேசையில் உட்கார்ந்து சொல்ல முடியாது, தூணைத்தான் கேட்க வேண்டும். அதற்கு ஐ.எஸ். 456 என்ற இந்தியக் கான்கிரீட் தர விதிநூல் வழி வைத்திருக்கிறது. மேற்பரப்பின் கடினத்தைக் காட்டும் ரீபவுண்ட் சுத்தியலால் தட்டிப் பார்த்து, சந்தேகமான தூண்களில் குறைந்தது மூன்று கோர் (துளைத்தெடுக்கும் உருளை வடிவ மாதிரி) எடுக்கலாம். அவற்றைக் கியூப் வலிமைக்கு மாற்றிக் கணக்கிடும்போது சராசரி, அந்த வகைக் கான்கிரீட்டுக்குரிய வலிமையில் 85 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, எந்த ஒன்றும் 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. எம்25க்கு அது 21.25, 18.75. தேறினால் கட்டடம் தொடரும். தேறாவிட்டால் வடிவமைப்புப் பொறியாளர் உண்மையான வலிமையை வைத்து மறுபடி கணக்குப் போடுவார். தேவைப்பட்டால் தூணைச் சுற்றிக் கம்பி கட்டி, புதிய கான்கிரீட் உறை போடும் ஜாக்கெட்டிங் செய்வார்கள். செலவாகும், ஆனால் செய்ய முடிந்த வேலைதான்.

26.4 என்று எழுதினால் இவை எதுவும் நடக்காது. அந்தத் தாளைப் பார்ப்பவர் தூணில் கோர் எடுக்கச் சொல்ல மாட்டார், அடுத்த தளத்தை நிறுத்தவும் மாட்டார். அந்தத் தூணைச் சோதிக்கக்கூடிய கடைசி மனிதர் நீங்கள்தான். உங்களுக்குப் பின் வருகிறவர்கள் எல்லோரும் உங்கள் எண்ணை நம்பித்தான் அதன் மேல் பாரத்தை ஏற்றுவார்கள்.

2014 ஜூன் 28, சனிக்கிழமை மாலை. போரூர் அருகே மவுலிவாக்கத்தில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தார்கள். அங்கே கியூப்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. யார் இறந்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். பெரும்பாலும் கட்டுமானத் தொழிலாளர்கள், அவர்களில் பலர் ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள். வீடு வாங்கியவர்கள் அப்போது குடியேறியிருக்கவில்லை. உங்கள் சைட்டிலும் இரவில் கீழ்த்தளத்தில் யார் படுக்கிறார்கள் என்று நடந்து பாருங்கள்.

இனி செய்ய வேண்டியது. ஒரே ஒரு மின்னஞ்சல். நேரில் பேசுவது இதற்கு ஆகாது. மேலாளருக்கு அனுப்பி, வடிவமைப்புப் பொறியாளருக்கும் ஒரு நகல் போடுங்கள். யார் மீதும் குற்றம் சாட்ட வேண்டாம். கான்கிரீட் போட்ட தேதி, தூண் எண்கள், இயந்திரம் காட்டிய சுமை எல்லாம் இருக்கட்டும். 19 என்றால் ஏறத்தாழ 428 கிலோநியூட்டனில் கியூப் உடைந்திருக்கிறது, தேவை 563. அதற்குக் கீழே, "7ஆம் நாள் பதிவில் நான் எழுதிய 17 தவறு, சோதனையில் வந்தது 14" என்று ஒரு வரி. பிறகு, கோர் எடுக்கப் பரிந்துரைக்கிறேன் என்றும், முடிவு தெரியும்வரை மேலே புதிய தளம் போட வேண்டாம் என்றும் எழுதுங்கள். அசல் பதிவேட்டில் எதையும் அழிக்காதீர்கள், கிழிக்காதீர்கள்.

வடிவமைப்புப் பொறியாளரை ஏன் சேர்க்கச் சொல்கிறேன் என்றால், கட்டடம் நிற்கும் என்று பெயர் போட்டிருப்பவர் அவர். இந்தத் தகவலை அவரிடம் மறைப்பது அவருக்கே செய்யும் துரோகம். பெரும்பாலும் உங்கள் பக்கம் நிற்கப்போகும் முதல் ஆளும் அவராகத்தான் இருப்பார்.

மேலாளரைக் கெட்டவர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அவருக்கும் கெடு இருக்கிறது, மேலே முதலாளி இருக்கிறார். அவரிடம் பணத்தின் மொழியில் பேசலாம். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி, வீட்டை ஒப்படைத்த ஐந்தாண்டுக்குள் கட்டமைப்புக் குறை தெரிவிக்கப்பட்டால் நிறுவனம் தன் செலவில் சரிசெய்து தர வேண்டும். இன்று மூன்று கோர் எடுக்கும் செலவையும், ஆட்கள் குடியேறிய பிறகு ஒரு தூணைத் திறக்கும் செலவையும் அவரே ஒப்பிட்டுப் பார்க்கட்டும். அதற்கும் மசியாவிட்டால் அதே மின்னஞ்சலை நிர்வாக இயக்குநருக்கு அனுப்புங்கள். அங்கும் அமுக்கப்பட்டால் சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

வேலை போகாது என்று உங்களுக்கு நான் வாக்குக் கொடுக்க முடியாது. போகலாம். தனியார் நிறுவனத்துக்குள் இப்படிச் சொல்கிறவரைக் காக்கும் வலுவான சட்டம் நம்மிடம் இல்லை. ஆகவே மின்னஞ்சல் போகும் அன்றே வேறு வேலைக்கும் விண்ணப்பியுங்கள். தனியார் சோதனைக் கூடங்களையும் ரெடிமிக்ஸ் நிறுவனங்களின் தரப் பிரிவையும் பாருங்கள். கடன் கொடுத்த வங்கிக்குப் போய், வேலை மாறினால் தவணையைச் சில மாதம் தள்ளிவைக்க முடியுமா என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

இன்றிரவு அப்பாவிடம் உட்கார்ந்து 14, 17, 19 மூன்றையும் சொல்லுங்கள். வேலை போன பிறகு வேறொருவர் வாயால் அவருக்குத் தெரிய வேண்டாம். கோர் முடிவு வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். காத்திருப்பேன்.